வதீயின் பெயரை அடித்தேன்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு ஒரு பகையைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. காலையில் தொலைக்காட்சியில் ஒருவன் இன்னொருவனைக் கொலைகாரன் என்கிறான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கல்லீரல் வறுவல் தின்கிறார்கள். கேட்டால் கூட்டணி என்கிறார்கள். நேற்று இறைச்சிக் கடையில் ஒருவன் என்னிடம், பழசையெல்லாம் மறக்க வேண்டும் பெரியவரே என்றான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். மறப்பதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? சாமான் இல்லாதவன் வீட்டைக் காலி செய்வது சுலபம்தான்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நாற்பது வருடம் பெய்ரூட்டுக்கும் மலைக்கும் வேன் ஓட்டினேன். பெயர் நக்லே. மூத்த மகன் பெயரைச் சேர்த்து ஊரில் அபு ஜரீஸ் என்பார்கள்.

உள்நாட்டுப் போரின் மலைச் சண்டையில் எங்கள் ஊர் ஐன் துல்பே விழுந்த அன்று மாதா கோயில் முற்றத்தில் ஒன்பது பேர் லாரிக்காகக் காத்திருந்தார்கள். என் தம்பி ஷுக்ரி அதில் ஒருவன். ஊரில் மிஞ்சியது ஒரே லாரி. அது எங்கள் கட்சிப் படைக்குச் சொந்தம், படைக்குத் தலைவன் வதீ. நம்ம ஆள், நம்ம கோயில், எனக்குப் பக்கத்தில் நின்று பூசை பார்த்தவன். அவன் அந்த லாரியில் தன் வீட்டுச் சாமான்களை ஏற்றினான். கண்ணாடி வைத்த அலமாரி, அவன் மாமனார் வாங்கித் தந்த சரவிளக்கு, எல்லாம். முற்றத்தைத் தாண்டித்தான் போனான். நிறுத்தவில்லை. மறுநாள் விடிந்ததும் எதிர்ப்பக்கத்துத் துரூஸ் மதக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் நாயிஃப். ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை. எலும்புகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இருபத்தைந்து வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வதீயும் அந்த நாயிஃபும் சேர்ந்து, பெய்ரூட்டை ஒட்டிய தெக்வானேயில் நான் குடியிருக்கும் வீட்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்கள். மின்தூக்கி ஓடவில்லை. இருவருக்கும் மூச்சு வாங்கியது. அது ஒன்றுதான் எனக்கு அன்று கிடைத்த சந்தோஷம்.

வதீ அப்போது வக்கீல். எல்லாரும் அவனை உஸ்தாஸ் என்று கூப்பிட்டார்கள். எங்கள் தொகுதிக்கு ஐந்து இடம். இரண்டு மரோனிட் கிறிஸ்தவர்களான எங்களுக்கு, இரண்டு துரூஸுக்கு, ஒன்று ஆர்த்தடாக்ஸுக்கு. யார் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஐந்து பெயருக்கும் வாக்குப் போட வேண்டும். அதனால் பக்கத்து மதத்தான் தயவு இல்லாமல் ஒருவனும் ஜெயிக்க முடியாது. இந்தத் தடவை வதீயின் கட்சியும் நாயிஃபின் கட்சியும் ஒரே பட்டியல். வதீ வேட்பாளர். நாயிஃப் அவனுக்குச் சிபாரிசு.

என் மனைவி ஓதெத் காபி கொண்டுவந்தாள். வதீ கோப்பையை எடுத்து, குடிக்காமல் மேஜையில் வைத்தான். எங்களிடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வந்த காரியத்துக்கு நீ சரி என்று சொன்னால்தான் குடிப்பேன். வீட்டுக்காரன் 'குடி' என்று சொல்லிவிட்டால் அது வாக்கு.

"அபு ஜரீஸ், உங்க வீட்டுல பதினோரு வாக்கு. அதைக் கேட்டுத்தான் வந்திருக்கேன்" என்றான்.

"படியேறி வந்தீங்களே, அதுவே பெரிசு."

"ஷுக்ரி மகன் ராமேஸுக்கு அரசாங்கக் காவலாளி வேலை. தேர்தல் முடிஞ்ச மறுமாசம். என் பேச்சு."

ராமேஸ் மூலையில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, இரண்டு குழந்தைகள், வேலையில்லை. அப்பன் போகும்போது அவனுக்கு ஐந்து வயது. தலையைக் குனிந்துகொண்டான்.

நாயிஃப் மீசையைத் தடவினான். "நடந்தது நடந்துபோச்சு. எல்லாரும் இழந்தோம். எங்க பக்கமும் ஆள் போச்சு."

"உங்களுக்குக் குழியாவது இருக்கு. போய் பூ வைக்கலாம்" என்றாள் ஓதெத்.

வதீ சிரித்தான். அவனுக்கு நல்ல பற்கள். "இன்னொண்ணு, அபு ஜரீஸ். தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் குடுக்கிற வாக்குச்சீட்டுல பேர் வரிசை வேற வேற. எண்ணும்போது எந்த வீடு என்ன போட்டுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுடும். யாருக்கு நன்றி சொல்லணும்னு தெரியணும் பாருங்க."

நன்றி சொல்ல. அடேயப்பா.

அப்போது அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சடிக்காது. கட்சிகளே அச்சடித்துக் கையில் கொடுக்கும். பிடிக்காத பெயரை அடித்துவிட்டுப் பெட்டியில் போட உனக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதைத் தடுக்கத்தான் எழுத்தை எறும்பு மாதிரி அச்சடிப்பார்கள். பெயருக்கும் பெயருக்கும் நடுவில் மயிர் நுழையாது. வரிசையை மாற்றி வைப்பது அதற்கு மேல் ஒரு பூட்டு.

காபி ஆறிக்கொண்டிருந்தது. ராமேஸ் என்னைப் பார்த்தான். நான் வதீயைப் பார்த்தேன். என் வீட்டில் உட்கார்ந்து என் தம்பியின் பெயரை அவன் உச்சரித்த விதம், சந்தையில் தக்காளி விலை சொல்வது மாதிரி இருந்தது.

"குடிங்க, உஸ்தாஸ்" என்றேன்.

குடித்தான். நாயிஃபும் குடித்தான். பொய் வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை அதற்காக வெட்கப்பட்டதில்லை. என் வாழ்க்கையில் காபிமேல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தேர்தலுக்கு முதல்நாள் மத்தியானம் கட்சி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். தெக்வானேயில் ஐன் துல்பேக்காரர்களுக்கு என் வேன் ஒன்றுதான். ஊர்ப் பதிவேட்டில் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் வாக்குப் போட வேண்டும். இருபத்தைந்து வருடமாக அந்த ஊரில் ஒரு ராத்திரி தூங்காதவனும் அங்கேதான் போக வேண்டும். முதல் நடை எங்கள் வீட்டார். இரண்டாம் நடை வதீயின் அண்ணன் சலீபா வீட்டார். இரண்டு வீட்டு வாக்குச்சீட்டுக் கட்டுகளையும் என்னிடம் கொடுத்தார்கள். ரப்பர் போட்டு, மேலே ஒரு துண்டுத் தாளில் வீட்டுப் பெயர் எழுதியிருந்தது. குறையக் கூடாது என்று ஏழெட்டுக் கூடுதலாகவே வைத்திருந்தார்கள்.

"பள்ளிக்கூட வாசல்லதான் கையில குடுக்கணும். வழியில குடுக்கக் கூடாது" என்றான் அலுவலகத்துக்காரன்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டினேன். எங்கள் கட்டில் வதீ மூன்றாவது. துரூஸ் பெயர் இரண்டுக்கும் நடுவில், செங்கல் நடுவே சாந்து மாதிரி. அடித்தால் மேலேயும் கீழேயும் படும், சீட்டே செல்லாமல் போகலாம். சலீபா வீட்டுக் கட்டில் வதீ கடைசி. கீழே தாராளமாக வெள்ளை இடம். அண்ணன் வீடுதானே, என்ன பயம்? அங்கே பூட்டுப் போடவில்லை அவன்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இரண்டு துண்டுத் தாளையும் மாற்றி ரப்பருக்குள் செருகினேன்.

ஓதெத் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "என்ன பண்றே நக்லே?"

"ஒண்ணுமில்லே. கட்டு மாறிப்போச்சு."

அவள் வந்து பார்த்தாள். என்னைவிட நன்றாக வாசிப்பாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. "சலீபா நல்ல மனுஷன். உன் அம்மா செத்தப்போ மூணு நாள் கூட உக்காந்தான்."

"அவன் தம்பி லாரி ஓட்டினான்."

"தம்பிதானே ஓட்டினான்."

"என் தம்பிதானே செத்தான்."

அவள் மறுபடி கீரை நறுக்கப் போனாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "அளவுகோல் வச்சு அடி. உன் கை நடுங்கும்."

மகன்கள் அளவுகோலைத் தேடி எடுத்தார்கள். பதினோரு சீட்டு. ராமேஸின் சீட்டை விட்டுப் பத்துத் தடவை வதீயின் பெயர்மேல் கறுப்புப் பேனாவால் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை இழுத்தேன்.

ராமேஸ் வாசலில் நின்று பார்த்தான். "பெரியப்பா, அந்த வேலை..."

"அவன் ஜெயிச்சா, சலீபா வீட்டார் கையால நம்ம வீட்டு வரிசை முழுசா விழுந்திருக்கும். வேலை கிடைக்கும். தோத்தா கிடைக்காது. உனக்கு எது வேணும்?"

திட்டுவான் என்று நினைத்தேன். "என் சீட்டை நானே அடிக்கிறேன்" என்றான். கொடுத்தேன். காகிதம் கிழியும்படி அடித்தான். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அதை நிதானமாக அடித்தான்.

மறுநாள் மலையில் வெயில் நன்றாக இருந்தது. வழி நெடுக இரண்டு கட்சிக் கொடியும் ஒரே கம்பத்தில். எங்கள் ஊர் முனையில் நாயிஃபின் பையன்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்து "வாங்க, வாங்க, உங்க ஊர்தான்" என்றார்கள். என் ஊருக்கு என்னை வரவேற்கிறான்.

முதல் நடை முடிந்தது. எங்கள் ஏழு ஆண்களும் ஆண்கள் அறையில் உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட்டு, கட்டைவிரலில் மை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் அறையில் நாலு பேரை ஓதெத் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் நடையில் சலீபா முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். எண்பது வயது. மடியில் ஸாத்தர் பொடி தடவிய ரொட்டிப் பொட்டலம்.

"பாதி சாப்பிடு, அபு ஜரீஸ். காலையிலேர்ந்து ஓட்டறே."

"பசிக்கலே."

"நீ எங்க வதீக்கு வாக்குப் போடறேன்னு கேட்டப்போ நான் அழுதேன், தெரியுமா? அந்த லாரி விஷயம்... நான் அப்போ ஊர்ல இல்லே. இருந்திருந்தா அந்த அலமாரியை நானே உடைச்சிருப்பேன்."

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன். திருப்பங்கள் அதிகமான பாதை அது. பதில் சொல்லாமல் இருப்பதற்கு வசதி.

பள்ளிக்கூட வாசலில் கட்டைப் பிரித்து அவன் கையிலும் அவன் மகன்கள் கையிலும் சீட்டைக் கொடுத்தேன். எங்கள் வீட்டு வரிசை. எவனும் வாசிக்கவில்லை. சொந்த வீட்டு வேட்பாளர், எதற்கு வாசிக்க? ஏழு ஆண்கள், எங்கள் வீட்டைப் போலவே. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. அது மேலே இருப்பவன் கொடுத்தது.

சாயங்காலம் ஆண்கள் அறையில் எண்ணினார்கள். நான் முகவர் அட்டை வாங்கி வைத்திருந்தேன். சுவரோரம் நின்றேன். வதீயே வந்திருந்தான், முன்வரிசையில். சொந்த ஊர்ப் பெட்டி அல்லவா. பக்கத்தில் அவன் ஆள், மடியில் பெரிய தாள், அதில் எல்லா வீடும் எல்லா வரிசையும். சலீபா பின்னால் பெஞ்சில், தம்பி ஜெயிப்பதைப் பார்க்க.

அதிகாரி உறையைப் பிரித்துப் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். ஐந்து பெயர். அடுத்து ஐந்து பெயர். வதீயின் ஆள் ஒவ்வொன்றுக்கும் குறி போட்டான். எங்கள் வரிசை வந்தபோது திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

அப்புறம் ஒரு சீட்டில் அதிகாரி நாலு பெயரோடு நிறுத்தினார். "கடைசிப் பேர் அடிச்சிருக்கு."

பேனா நின்றது. அந்த ஆள் தாளில் விரலை ஓட்டினான். மறுபடி ஓட்டினான். வதீயின் காதில் ஏதோ சொன்னான். வதீயின் கழுத்து சிவந்தது. பின்னால் இருந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். நான் பின்னால் இருந்தேன்.

இரண்டாவது வந்தது. நாலு பெயர். மூன்றாவது. ஏழு வரைக்கும் நான் மனதுக்குள் எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சில் ஒரு கதவு சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

வதீ எழுந்தான். பெஞ்சுக்குப் போனான்.

"ஏழு பேர்! ஒரு வீட்டுல ஏழு பேர்! என்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே!"

சலீபாவுக்குப் புரியவில்லை. "என்னடா சொல்றே?"

"அப்பா நிலத்துக்காகவா? இல்லே உன் மகனைப் பட்டியல்ல போடலேன்னா? சொல்லு!"

"வதீ, மாதா சத்தியமா..."

"மாதாவை இழுக்காதே! இனிமே என் வாசப்படி மிதிக்காதே. செத்தாலும் வராதே, நானும் வரமாட்டேன்."

அதிகாரி மணியடித்தார். போலீஸ்காரன் வதீயின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். சலீபாவின் மகன்கள் ஒருவனை ஒருவன் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். "நீயாடா?" "நீதான்டா, போன மாசம் அவரைத் திட்டினே!" கிழவன் பெஞ்சிலேயே உட்கார்ந்து தன் மை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், நகக்கண் அளவு இருந்தது. அதற்கு மேல் இல்லை. ஒன்பது பேர் முற்றத்தில் நின்று ஒரு லாரி போவதைப் பார்த்த மாதிரி, இந்தக் கிழவனும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. ஆள் மாறிவிட்டது என்று ஓதெத் சொல்வாள். எந்தக் காலத்தில் அடி சரியான ஆளுக்கு விழுந்திருக்கிறது?

இருட்டுவதற்குள் மற்ற ஊர்களிலிருந்தும் செய்தி வந்துவிட்டது. பட்டியலில் நாலு பேர் ஜெயித்தார்கள். வதீ ஒருவன் மட்டும் விழுந்தான். கொஞ்சத்தில் அல்ல, ஆயிரத்து எண்ணூறு வாக்கில்.

அங்கேதான் எனக்கு இடறியது. எங்கள் வீட்டில் பதினொன்று. ஆயிரத்து எண்ணூறு எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூட முற்றத்தில் கார்மேல் சாய்ந்து நாயிஃப் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினான். நான் போயிருக்கக் கூடாது. போனேன்.

"உன் வேலை பிரமாதம், அபு ஜரீஸ்" என்றான் மெதுவாக. "சலீபா வீட்டு வரிசையில அடிச்சே பாரு. அது எனக்குத் தோணலே."

"என்ன வரிசை? எனக்கு நாலாம் வகுப்புதான்."

சிரித்தான். விதைத் தொலி மீசையில் ஒட்டியிருந்தது. "சலீபாவுக்குச் சத்தியத்தை முடிக்கக்கூட நாக்கு வரலே. அது அடிச்சவன் மூஞ்சி இல்லே. நீ சுவரோரமா நின்னு ஏழு வரைக்கும் உதட்டால எண்ணினே. ஜன்னல் வழியா பார்த்தேன்."

நான் வேன் சாவியைக் கையில் எடுத்தேன்.

"பயப்படாதே. எங்க ஊர் பன்னெண்டுலயும் அவன் பேரை அடிக்கச் சொல்லி மேலேர்ந்து நேத்தே வந்துடுச்சு. அவன் இடத்துக்கு எதிர்ப்பட்டியல் மரோனிட் வரட்டும்னு பேசி வச்சாச்சு. அவன் நமக்குத் தோதானவன்."

"ஒரே கொடிக்கம்பத்துல கட்டினீங்களே."

"கூட்டணிங்கிறது மேடைக்கு, அபு ஜரீஸ். பெட்டிக்குள்ள அவனவன் வீடு." விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். "உன் பதினொண்ணு இல்லேன்னாலும் அவன் விழுந்திருப்பான். ஆனா மனசால நீயும் நானும் ஒரே பக்கம் நின்னோம் பாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவை. உன் தம்பி கணக்கு தீர்ந்துச்சுன்னு வச்சுக்கோ. எங்க கையால தீர்த்துட்டோம்."

இருபத்தைந்து வருடம் நான் பொத்திவைத்த பழியை, என் தம்பியைக் கொன்றவன் எனக்காக எடுத்து முடித்துவிட்டு, நன்றிக்குக் காத்து நிற்கிறான். நாங்கள் இழுத்த பதினோரு கோடும் அவன் ஆயிரத்து எண்ணூறுக்குள் கரைந்துபோயின. வெல்லம் போட்ட தண்ணீரில் யார் போட்ட வெல்லம் என்று யார் கேட்பார்கள்?

"அந்தக் காலையில கோயிலுக்கு யார் வந்தது?" என்றேன். "நீதானே?"

"நான் பின்னால வந்தேன். வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சத்தியமா."

"எங்கே புதைச்சீங்க?"

கொறிப்பதை நிறுத்தினான். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் இப்போ? விடு. உன் தம்பி மகன், ராமேஸா பேரு? அவனை என்கிட்ட அனுப்பு. வதீ சொன்ன வேலையை நான் வாங்கித் தர்றேன். நகராட்சியில. அடுத்த மாசமே. நம்ம ரெண்டு வீடும் இப்போ ஒண்ணுதானே."

கையை நீட்டினான். பெரிய கை. விதை உப்பு ஒட்டியிருந்தது. ராமேஸ் வேன் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு கிழவர்கள் சமாதானம் பேசுவது போலத்தான் இருந்திருக்கும். அவன் வீட்டில் வாடகை மூன்று மாதம் பாக்கி. எனக்குத் தெரியும்.

"எங்கே புதைச்சீங்கன்னு உனக்குத் தெரியும்" என்றேன். "அதைச் சொல்லு. அப்புறம் கையைக் குடு."

"தெரியாது, அபு ஜரீஸ். என் பிள்ளைங்க தலைமேல சத்தியம்."

பிள்ளைகள் தலைமேல் சத்தியம் செய்தான். கண் இமைக்கவில்லை. நல்ல பொய்க்காரனுக்கும் கண் இமைக்காது, உண்மை சொல்கிறவனுக்கும் இமைக்காது. நாலாம் வகுப்பு படித்தவனுக்கு அதை எப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியும்? ஆனால் வதீயோடு படியேறி வந்து, அவனுக்காகக் காபி குடித்து, அவன் கழுத்தை அறுத்தவன் இவன். வதீக்கு இவன் செய்த சத்தியம் எத்தனை இருக்கும்?

நான் கையை என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பி நடந்தேன்.

"யோசிச்சுப் பாரு!" என்று பின்னால் கத்தினான். "பகையை வச்சு என்ன பண்ணப்போறே?"

ராமேஸ் ஓடிவந்து, "என்ன சொன்னார் பெரியப்பா?" என்றான். உன் வேலையைப் பற்றிச் சொன்னான் என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமலே நடந்தேன். புதைத்த இடம் தெரியாது என்ற நாயிஃபின் சத்தியத்தை நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.